மொழியியல் பட்டம்: முதலில் எடைபோட வேண்டியது கடனை

2025 ஜூலை 4 அன்று அமெரிக்காவில் சட்டமான வரி - செலவு மசோதாவுக்குள் உயர்கல்வியை அடியோடு மாற்றக்கூடிய ஒரு விதி இருக்கிறது. ஓர் இளநிலைப் படிப்பை முடித்தவர்கள் நான்கு ஆண்டுகள் கழித்து ஈட்டும் நடு வருமானம், அதே மாநிலத்தில் பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போன 25 முதல் 34 வயதுக்காரர்களின் நடு வருமானத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. மூன்று ஆண்டுகளில் இரண்டு முறை குறைந்தால், அந்தப் படிப்பில் சேரும் மாணவர்களுக்கு அரசின் நேரடிக் கல்விக் கடன் கிடைக்காது. முதுநிலைப் படிப்புகளுக்கான அளவுகோல் இளநிலைப் பட்டதாரிகளின் வருமானம். 2026 ஜூலை 1 முதல் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வருகிறது. ‘இந்தப் படிப்பு எவ்வளவு சம்பாதித்துத் தரும்?’ என்று பெற்றோர் கேட்டுவந்த கேள்வியை இப்போது ஓர் அரசே சட்டமாக்கிக் கேட்கிறது.

இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்ளும் துறைகளில் ஒன்று மொழியியல். ஒலிகள் எப்படிச் சொல்லாகின்றன, சொற்கள் எப்படி வாக்கியமாகின்றன, குழந்தை எப்படிப் பேசக் கற்கிறது, பேச்சு மூளையில் எங்கே குலைகிறது என்பதையெல்லாம் ஆராயும் இந்தப் படிப்பின் மறுமுனையில், ‘மொழியியலாளர் தேவை’ என்ற பலகையோடு ஒரு பெரிய வேலைவாய்ப்புக் களம் காத்திருக்கவில்லை. மருத்துவம் படித்தவர் மருத்துவராகிறார். சட்டம் படித்தவர் வழக்கறிஞராகிறார். மொழியியல் படித்தவர் பல தொழில்களுக்குச் சிதறிப்போகிறார். அதனாலேயே அதன் வருமானத்தை ஒற்றை எண்ணால் சொல்வது கடினம். ஆனால், அதற்காக வாங்கிய கடன் அப்படியல்ல: பத்திரத்தில் எழுதிய தொகை, எழுதிய வட்டி, எழுதிய தவணை. ஒரு பக்கம் உறுதியற்றது, மறுபக்கம் உறுதியானது என்றால், முடிவை எந்தப் பக்கத்தை வைத்து எடுப்பது? மாணவர்களும் அரசுகளும் வருமானத்தைத் துரத்துகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது கடனை.

ஒரு பட்டம், பல வருமானங்கள்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2024 மே மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பாளர்கள், உரைபெயர்ப்பாளர்களின் நடு வருமானம் ஆண்டுக்கு 59,440 டாலர். பேச்சு - மொழிச் சிகிச்சை அளிக்கும் ஸ்பீச் தெரபிஸ்டுகளுக்கு 95,410 டாலர். இரண்டும் மொழியியல் பட்டதாரிகள் சென்றுசேரும் தொழில்களே. இடைவெளி ஏறத்தாழ 36,000 டாலர். இதில் இன்னொரு விவரமும் உண்டு. ஸ்பீச் தெரபிஸ்ட் ஆக இளநிலை மொழியியல் பட்டம் மட்டும் போதாது. அந்தத் துறையில் முதுநிலைப் பட்டமும் மாநில உரிமமும் வேண்டும். அதாவது கூடுதல் ஆண்டுகள், கூடுதல் கட்டணம், பெரும்பாலும் கூடுதல் கடன். மற்றொரு பிரிவினர் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார்கள். சிலர் அகராதி, பாடநூல், பதிப்புப் பணிகளுக்குப் போகிறார்கள். ஆப்பிளின் சிரி 2011-லும் அமேசானின் அலெக்சா 2014-லும் வந்த பிறகு, உச்சரிப்பு அகராதிகளையும் மொழித் தரவுகளையும் சீரமைக்கும் வேலைகள் தொழில்நுட்ப நிறுவனங்களில் உருவாயின. அதே துறை 2022, 2023 ஆண்டுகளின் ஆட்குறைப்பில் அடிவாங்கியது. சட்டக் கல்லூரிக்குப் போகிறவர்கள், முனைவர் பட்டத்துக்குப் போகிறவர்கள், மொழியோடு தொடர்பே இல்லாத அலுவலக வேலையில் அமர்கிறவர்கள் என்று பட்டியல் நீளும். இவ்வளவு விரிந்து கிடக்கும் வருமானங்களை வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவரின் சம்பளத்தை மட்டும் எடுத்து, ‘இதுதான் மொழியியலின் மதிப்பு’ என்று சொன்னால், அந்த எண் வரிசையின் இரு முனைகளில் நிற்பவர்களைப் பற்றி எதையும் சொல்லாது.

அந்த நடு எண்ணாவது சரியாகக் கிடைக்கிறதா என்றால், அதிலும் சிக்கல். அமெரிக்கக் கல்வித் துறை 2015-ல் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற பொதுத் தரவுத் தளத்தைப் புதிய வடிவில் கொண்டுவந்தது. பின்னர் கல்லூரி வாரியாக மட்டுமன்றி, படிப்பு வாரியாகவும் வருமானத்தையும் கடனையும் அது வெளியிடத் தொடங்கியது. மாணவர் கையில் தகவலைக் கொடுத்த மிக நல்ல முயற்சி அது. ஆனால், அதில் ‘மொழியியல்’ என்று தெரியும் பிரிவு மொழியியல் மட்டுமல்ல. ஒப்பிலக்கியமும் மொழிபெயர்ப்புப் படிப்பும் அதே தொகுப்பில் அடங்குகின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்விலும் மொழியியலுக்கும் ஒப்பிலக்கியத்துக்கும் ஒரே குறியீடு. ஸ்கோர்கார்டின் வருமானக் கணக்கில் வருபவர்கள் மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ பெற்றவர்கள் மட்டுமே. எதுவும் வாங்காமல் படித்தவர்கள் அதில் இல்லை. மேற்படிப்பில் இருப்பவர்களும் விடுபடுகிறார்கள். மொழியியலைப் பொறுத்தவரை இது சிறிய விடுபடல் அல்ல. முதுநிலைக்கோ சிகிச்சைப் படிப்புக்கோ போனவர்களே பின்னாளில் கூடுதலாக ஈட்டக்கூடியவர்கள். மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ள படிப்புகளில், தனிநபர் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதற்காக எண்களே மறைக்கப்படுகின்றன. பல கல்லூரிகளில் மொழியியல் சிறிய துறைதான். ஆக, ஒரு பதினேழு வயது மாணவி இந்தத் தளத்தில் பார்க்கும் எண், பல துறைகள் கலந்ததாக, ஒரு சாராரை மட்டும் எண்ணியதாக, சில இடங்களில் காணாமலே போனதாக இருக்கும். வாழ்க்கை முடிவு ஒன்றை முழுவதும் தாங்கும் பலம் அந்த எண்ணுக்கு இல்லை.

கடன் எங்கே பிறக்கிறது?

இனி, கடன் பக்கம். அமெரிக்காவின் மத்தியக் கல்விக் கடன் 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. கடனாளிகள் 4 கோடிக்கும் மேல். இந்தக் கடனை ஒரு துறையின் குணமாகப் பார்ப்பது தவறு. காலேஜ் போர்டு அமைப்பின் கணக்குப்படி, 2024-25 கல்வியாண்டில் சொந்த மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்தின் சராசரி அறிவிப்புக் கட்டணம் 11,610 டாலர். லாப நோக்கமற்ற தனியார் கல்லூரியில் 43,350 டாலர். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம். உதவித்தொகை கழிந்த பிறகு பலர் கட்டுவது இதைவிடக் குறைவு என்பது உண்மை. அதுகூட ஆளுக்கு ஆள், கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. இரண்டு இடத்திலும் கற்பிப்பது அதே ஒலியியல், அதே தொடரியல். தனியார் கல்லூரியில் படித்த மொழிபெயர்ப்பாளருக்கு நான்கு மடங்கு சம்பளம் யாரும் கொடுப்பதில்லை. ‘மொழியியல் படித்தால் கடனில் மூழ்குவோம்’ என்று சொல்லும்போது, நாம் மொழியியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எந்த வாசல் வழியாக அதற்குள் நுழைந்தோம் என்பதைப் பற்றியே சொல்கிறோம்.

படிப்பின் எந்தக் கட்டத்தில் கடன் பெருகுகிறது என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய மத்திய அரசுக் கடனுக்கு மொத்தம் 31,000 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. மொழியியல் முனைவர் பட்டத்துக்கு, ஆராய்ச்சியில் பெயர்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருகின்றன. அங்கே இழப்பது இளமையின் ஐந்தாறு ஆண்டுச் சம்பளமே தவிர, கடன் ஏறுவது குறைவு. ஆபத்தான இடம் இரண்டுக்கும் நடுவில், கைக்காசு போட்டுப் படிக்கும் முதுநிலைப் பட்டம். 2006 முதல் மேற்படிப்பு மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதையும் அரசிடம் கடனாகப் பெற வழி இருந்தது. 2025-ன் சட்டம் புதிய மாணவர்களுக்கு அந்த வழியை அடைத்து, முதுநிலைக் கடனுக்கு ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்று வரம்பு கட்டியிருக்கிறது. இந்த வரம்பு நியாயமானதே. அந்தச் சட்டத்தில் கடனைத் தொட்ட பகுதி, வருமானத்தைத் தொட்ட பகுதியைவிடப் பிரச்சினையின் வேருக்கு நெருக்கமானது.

தாங்கும் கடன், தாங்காக் கடன்

ஒரு பட்டம் எவ்வளவு கடனைத் தாங்கும் என்று கணக்கிட நல்ல அளவுகோல் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தொழிற்படிப்புகளுக்காக அமெரிக்கக் கல்வித் துறை 2014-ல் வகுத்த விதியில், பட்டதாரியின் ஆண்டுக் கடன் தவணை அவருடைய ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது ஒரு வரையறை. 2019-ல் நீக்கப்பட்டு, 2023-ல் மீண்டும் கொண்டுவரப்பட்ட விதி அது. இதை மொழியியலுக்குப் பொருத்திப் பார்ப்போம். 6.5 சதவீத வட்டியில் 30,000 டாலர் கடன் வாங்கிப் பத்து ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால், மாதத் தவணை சுமார் 340 டாலர். 8 சதவீத வரையறைக்குள் அது அடங்க ஆண்டு வருமானம் 51,000 டாலர் வேண்டும். நடு வருமானம் பெறும் மொழிபெயர்ப்பாளர் அதைத் தாங்குவார். வேலைக்குப் புதிதாக வந்த ஆண்டுகளில் நெருக்கடி இருந்தாலும் தாங்கிவிடுவார். அதே அளவுகோலில், 8 சதவீத வட்டிக்கு வாங்கும் 1,00,000 டாலர் முதுநிலைக் கடனுக்குத் தவணை 1,213 டாலர்; தேவைப்படும் ஆண்டு வருமானம் 1,82,000 டாலர். மொழியியல் பட்டதாரிகள் பரவலாகச் செல்லும் தொழில்களில் நல்ல சம்பளம் தருவதான ஸ்பீச் தெரபியின் நடு வருமானம்கூட இதில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. அந்தத் தொழில் தாங்கக்கூடிய கடன் சுமார் 52,000 டாலர்தான். துறை ஒன்றே, ஆனால் 30,000 டாலர் கடனில் அது நிதானமான தேர்வு, 1,00,000 டாலர் கடனில் பல ஆண்டுச் சிறை. எல்லாவற்றையும் தலைகீழாக்கியது தொகை ஒன்றுதான்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால் புதிய வருமானச் சோதனையின் குறை தெளிவாகத் தெரிகிறது. பட்டதாரி எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அது கேட்கிறது. எவ்வளவு கடன்பட்டார் என்று கேட்கவில்லை. கட்டணம் குறைவாக, கடனே இல்லாமல் முடிக்கக்கூடிய ஒரு படிப்பு, சுமாரான சம்பளம் தந்தால் சோதனையில் தோற்கலாம். பெருங்கடன் சுமத்தும் படிப்பு, பள்ளிப் படிப்புச் சம்பளத்தைவிடச் சில நூறு டாலர் கூடுதலாகத் தந்தால் தேறிவிடும். முதலாவது மாணவருக்குப் பெரிய தீங்கு செய்யாது, இரண்டாவது செய்யும். மொழியியல் பட்டங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தோற்கும் என்று நான் சொல்லவில்லை. பள்ளிப் படிப்பு என்பது தாண்டக்கூடிய வேலிதான். என் கவலை, இந்த அளவுகோல் பரப்பும் மனப்பழக்கம் பற்றியது. வருமானத்தை மட்டும் பார்க்கப் பழகிய நிர்வாகிகளின் கண்ணுக்குச் சிறிய துறைகளே முதலில் படுகின்றன. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம் 2023 செப்டம்பரில், 4.5 கோடி டாலர் பற்றாக்குறையைக் காரணம் காட்டி 28 பட்டப்படிப்புகளையும் 143 ஆசிரியப் பணியிடங்களையும் நீக்கியபோது, உலக மொழிகள் - இலக்கியம் - மொழியியல் துறைதான் கடுமையாக வெட்டுப்பட்டவற்றில் ஒன்று. அந்த மாநிலத்தின் ஏழை மாணவர் ஒருவர் குறைந்த கட்டணத்தில் மொழியியலுக்குள் நுழைய இருந்த வாசல் அது. அது மூடினால் மிஞ்சுவது விலையுயர்ந்த வாசல்கள்.

எதிர்வாதங்கள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவான வாதம், வரி கட்டுபவரின் பணம் பற்றியது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாத பட்டதாரிகளை உருவாக்கும் படிப்புக்கு அரசு ஏன் கடன் தர வேண்டும்? நியாயமான கேள்வி. ஆசை காட்டிச் சேர்த்து, வேலைக்கு உதவாத சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிய நிறுவனங்கள் அமெரிக்காவில் ஏராளம். அவற்றிடமிருந்து மாணவர்களைக் காக்கும் கடமை அரசுக்கு உண்டு. ஆனால், காப்பதற்கு ஏற்ற அளவுகோல் கடனுக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம். அந்த விகிதம் மீறும் இடத்தில் கல்லூரி தன் கட்டணத்தைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வரும். வருமானத்தை மட்டும் சோதித்தால் கல்லூரிக்குக் கட்டணம் குறைக்கும் காரணமே இல்லை. படிப்பை மூடுவதே எளிய வழியாகிவிடும். விலையைக் காட்டி மாணவர்களை ‘நல்ல’ படிப்புகளுக்குத் திருப்பலாம் என்ற எண்ணமும் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆஸ்திரேலியா 2021-ல் கலைப்புலத் துறைகள் பலவற்றின் கட்டணத்தை 113 சதவீதம் உயர்த்தியது. மாணவர்களின் விருப்பம் பெரிதாக மாறவில்லை. அவர்களின் கடன்தான் ஏறியது. அந்நாட்டு அரசே நியமித்த பல்கலைக்கழகச் சீர்திருத்தக் குழு, இந்தத் திட்டம் தோற்றுவிட்டதென்றும் மாற்றப்பட வேண்டுமென்றும் 2024-ல் அறிக்கை தந்தது.

இரண்டாவது வாதம், ‘கடனைப் பார் என்று சொன்னால், பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் மொழியியல் படிக்க முடியும், மற்றவர்கள் கணினி படிக்க வேண்டியதுதானே?’ என்பது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு மொழியியலை மறுப்பது அதன் சம்பளம் அல்ல, அதன் நுழைவுக் கட்டணம். கட்டணம் குறைந்தால் அந்தப் பிள்ளையும் தன் விருப்பத்துக்கேற்பத் துணிய முடியும். கடனை மையமாக வைப்பது வாசலைத் திறக்கும் வாதமே தவிர, மூடும் வாதம் அல்ல. கணினியைப் பொறுத்தவரை, அதன் நடு வருமானம் மொழியியலைவிட மிக அதிகம் என்பதில் ஐயமில்லை. ஆனால், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட கணக்கில், அண்மைப் பட்டதாரிகளிடையே வேலையின்மை கணினி அறிவியல் படித்தவர்களுக்கு 6.1 சதவீதம், கணினிப் பொறியியல் படித்தவர்களுக்கு 7.5 சதவீதம். சில ஆண்டுகளுக்கு முன்பு யாரும் எதிர்பார்த்திராத எண்கள் இவை. எந்தத் துறையின் வருமானத்தையும் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மொழியியலோடு புள்ளியியலையோ நிரலெழுதுவதையோ சேர்த்துக் கற்பது வேலை வாய்ப்பை விரிக்கும். அதை ஒவ்வொரு மொழியியல் மாணவருக்கும் பரிந்துரைக்கலாம். துறையையே கைவிடச் சொல்வதற்கு அது காரணமாகாது.

மூன்றாவது வாதம் செயற்கை நுண்ணறிவு. மொழிபெயர்ப்பையும் உரையெழுத்தையும் இயந்திரம் செய்யும்போது மொழியியலாளருக்கு என்ன வேலை? வழக்கமான மொழிபெயர்ப்புப் பணிகள் சுருங்குவதை மறுக்க முடியாது. கூடவே, தரவு குறைவான மொழிகளில் இந்த இயந்திரங்கள் தடுமாறுவதும் உண்மை. அங்கே நல்ல தரவைத் திரட்டவும், பிழையை இனம்காணவும், பேச்சு வழக்கைப் பதிவுசெய்யவும் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்படுகிறார்கள். இந்த இரண்டு போக்கில் எது வெல்லும் என்று இப்போது உறுதி கூறுபவர்களை நம்பி ஒரு மாணவி கடன் பத்திரத்தில் கையெழுத்திடக் கூடாது. எதிர்கால வருமானம் எவ்வளவு மங்கலாகிறதோ, அவ்வளவுக்குக் கடன் சிறிதாக இருக்க வேண்டும். சிறிய கடனோடு வெளிவருபவர் காத்திருக்கலாம், வேறு திறன் கற்கலாம், தொழில் மாறலாம். பெரிய கடனோடு வருபவர் முதலில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. மொழியியல் தரும் பயனில் பெரும்பகுதி அதைப் படித்தவரின் சம்பளப் பட்டியலில் ஏறுவதில்லை. ஒரு பழங்குடி மொழிக்கு எழுத்துமுறை அமைத்துத் தாய்மொழிப் பாடநூல் உருவாக்குபவரின் உழைப்பால் பலன் பெறுவது அந்தப் பழங்குடிக் குழந்தைகள். திக்கிப் பேசும் சிறுவனுக்குச் சிகிச்சை தருபவர் பயன்படுத்தும் ஒலியியல் அறிவு, கடைசி நோயாளி வரை சென்று சேர்கிறது. இலக்கணங்களும் அகராதிகளும் தலைமுறைகளுக்குப் பயன்படுகின்றன; பர்ரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். பயன் பொதுவுக்கும், செலவு முழுவதும் தனியொருவர் கடனுக்கும் என்று பிரிப்பது நியாயமற்ற பங்கீடு. பொதுவுக்குப் பயன் போகும் அளவுக்குச் செலவிலும் பொதுப் பணம் பங்கேற்க வேண்டும். இங்கிலாந்தில் 2023 முதல் சேர்ந்த மாணவர்கள், ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டிய பிறகே, தாண்டிய தொகையில் 9 சதவீதத்தை மட்டும் கல்விக் கடனுக்குக் கட்டுகிறார்கள். 40 ஆண்டுகள் வரை நீளும் அந்த ஏற்பாட்டில் குறைகள் பல. ஆனால், சம்பளம் குறைந்த மாதத்தில் தவணை கழுத்தை நெரிக்காது என்ற அளவில் அது சரியான திசையில் எடுத்துவைத்த அடி.

நம் ஊர்க் கணக்கு

இந்த விவாதம் நமக்கும் நேரடியாகப் பொருந்துகிறது. ஆனால், வேறு வடிவில். தமிழ்நாட்டில் மொழியியல் படிக்கக் கடன் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1960-களிலேயே மொழியியல் உயராய்வு மையமாக ஏற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013 முதல் அரசின் பொறுப்பில் இருக்கிறது. மைசூரில் பேச்சு - கேட்புக் கல்விக்கான அகில இந்திய நிறுவனமும், 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் எட்டும் தொலைவில் உள்ளன. அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் ஒரு நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதே. தேசியத் தகுதித் தேர்வில் வென்றால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைக்கிறது. அமெரிக்க மாணவர் கனவு காணும் ‘கடனற்ற மொழியியல்’ இங்கே கையில் இருக்கிறது. நமது குறை மறுபக்கத்தில்: வேலை. உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். அந்தப் பணியிடங்கள் நிரப்பப்படாமல், குறைந்த தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு ஆண்டுகள் ஓட்டப்படுகின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் மட்டும் 121 என்று பட்டியலிட்ட நாடு இது. நீலகிரியில் மட்டும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகள் கவனிப்பை எதிர்பார்த்திருக்கின்றன. இந்திய மொழிகளுக்கான இயந்திர மொழிபெயர்ப்புக்காக மத்திய அரசு 2022-ல் ‘பாஷினி’ திட்டத்தைத் தொடங்கியது. வேலை இல்லை என்பதல்ல பிரச்சினை. செய்ய வேண்டிய வேலைக்குப் பணியிடம் உருவாக்கப்படவில்லை என்பதே.

உள்ளூரில் கண்ட வேலைப் பஞ்சம் சில மாணவர்களை வெளிநாட்டு முதுநிலைப் பட்டத்தை நோக்கித் தள்ளுகிறது. அங்கேதான் நம் பிள்ளைகள் அமெரிக்கப் பிள்ளைகளின் கடன் பொறிக்குள் கால்வைக்கிறார்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்கப்படும். வெளிநாட்டுப் படிப்பு அந்த எல்லையை எளிதில் தாண்டும். 20 லட்சம் ரூபாயை 10 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 26,430 ரூபாய். பதினைந்து ஆண்டாக நீட்டினால் தவணை 21,500 ஆகக் குறையும். ஆனால், மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 31.7 லட்சத்திலிருந்து 38.7 லட்சமாக ஏறும். படிக்கும் காலத்தில் சேரும் வட்டி தனி. 8 சதவீத அளவுகோலின்படி பத்தாண்டுத் தவணைக்கு மாதச் சம்பளம் 3.3 லட்சம் வேண்டும். தாராளமாக 20 சதவீதம் என்று வைத்தாலும் 1.32 லட்சம். ஊர் திரும்பி ஆராய்ச்சி உதவித்தொகையிலோ உதவிப் பேராசிரியர் சம்பளத்திலோ இதைக் கட்ட வழியே இல்லை. அங்கேயே சம்பாதித்து அடைக்கலாம் என்று நம்புவோர் விசா விதிகளையும் படிக்க வேண்டும். அமெரிக்காவில் படிப்புக்குப் பிறகு 12 மாதம் வேலை பார்க்கலாம். அதற்கு மேல் 24 மாத நீட்டிப்பு அறிவியல் - தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள பட்டங்களுக்கு மட்டுமே. பொது மொழியியல் பட்டம் அதில் இல்லை. பிரிட்டனில் இரண்டு ஆண்டாக இருந்த காலம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு எடுக்கக்கூடிய முடிவல்ல இது. உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் தயங்காமல் போகலாம். முனைவர் பட்டத்துக்கு அப்படிப்பட்ட இடங்கள் உண்டு.

ஆகவே, மொழியியலை விரும்பும் மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இதில் எவ்வளவு கிடைக்கும்?’ என்பதல்ல, ‘இதற்காக எவ்வளவு கடன்படப் போகிறேன், நான் அடையக்கூடிய வேலைகளில் மிகச் சாதாரணமான ஒன்றின் சம்பளம் அதைத் தாங்குமா?’ என்பது. தாங்கும் என்றால் துணிந்து சேரலாம். இந்தத் துறையின் அறிவுச் செல்வம் அந்தத் துணிவுக்குத் தகுதியானது. தாங்காது என்றால் துறையை விட வேண்டாம், வாசலை மாற்றிக்கொள்ளலாம். அரசுக்கும் செய்ய வேண்டியவை உண்டு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒவ்வொரு படிப்புக்கும் கட்டணம் எவ்வளவு, படித்தவர்கள் எங்கே சேர்ந்தார்கள், கடன்பட்டிருந்தால் எவ்வளவு என்பதைத் துறை கலக்காமல் வெளியிட வேண்டும். காலியான மொழியியல் ஆசிரியப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். பழங்குடி நலம், பள்ளிக் கல்வி, மாற்றுத்திறனாளிகள் நலம், தமிழ் வளர்ச்சி, தகவல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளில் மொழியியல் பயின்றவர்களுக்கென்று பணியிடம் உருவாக்க வேண்டும். மொழியின் பெயரால் இவ்வளவு பெருமை பேசும் ஒரு சமூகம், மொழியை அறிவியலாகப் படித்தவருக்கு வாழ வழி செய்து தருவது சலுகை அல்ல, கடமை. கட்டணத்தைத் தாழ்வாக வைத்திருக்கும் பாதியை முன்னோடிகள் செய்து வைத்திருக்கிறார்கள். வேலையை உருவாக்கும் மீதிப் பாதி நம் தலைமுறையின் பொறுப்பு.